பேர் கேட்காத வீடு

பீன்ஸ் செடியைப் பிடுங்க விடியற்காலைதான் தோது. பனி ஈரம் காய்வதற்குள் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நெற்று கை பட்டதுமே வெடித்துப் பயறு மண்ணில் சிதறும். அதைக் குனிந்து பொறுக்குவதற்குள் இடுப்பு போய்விடும். பிடுங்கிய செடியைக் குவியல் குவியலாக வயலிலேயே காயப்போட்டுவிட்டு, அதற்கப்புறம் மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. மலைக்கு மேல் மேகம் கறுத்தால் குவியலை மூட ஓட வேண்டும். மழை பட்ட வெள்ளைப் பயறில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். புள்ளி விழுந்த பயறைத் துருக்கி வியாபாரி கையில்கூட எடுத்துப் பார்க்க மாட்டான்.

அந்த வருஷம் அறுவடையும் அதிபர் தேர்தலும் ஒன்றாக வந்து தொலைத்தன. எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் நெட்டிலிங்க மரம் ஒன்று பாக்கியில்லாமல் வேட்பாளர்களின் முகம் தொங்கியது. ஏழெட்டுப் பேர் நின்றாலும் ஜெயிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் எசென்பேக், எங்கள் பக்கத்து ஆள், எங்கள் வம்சம். இன்னொருவர் தால்காயேவ், பழைய அரசாங்கத்தில் மந்திரியாக இருந்தவர். இரண்டு பேருடைய ஃப்ளெக்ஸும் நல்ல தடிமன். பலகை சாய்ந்து விழுந்த இடத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் சத்தமில்லாமல் சுருட்டிக்கொண்டு போய்ப் பயறுக் குவியலை மூடினார்கள். அந்தத் தேர்தலால் ஊருக்குக் கிடைத்த பிரயோஜனம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

மழை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்தது. அனார்குல் வயலின் ஒரு கோடியிலும், மருமகள் சிம்பாத் மறு கோடியிலும் குவியல்களை மூட ஓடினார்கள். அனார்குல்லின் புருஷன் கெரிம்பாய்க்கு முழங்கால் வலி. அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து ஃப்ளெக்ஸின் ஓரத்தில் வைத்தார்.

"அந்தத் தால்காயேவை இங்க போடுங்க அத்தே! எசென்பேக் கிழிஞ்சிருக்கான், ஒழுகுவான்!" என்று சிம்பாத் கத்தினாள்.

"அந்தப் பாவி மூஞ்சியை என் பயறு மேல போடச் சொல்றியா?"

"தலைகீழாப் போட்டுருவோம். மூஞ்சி பயறைப் பாக்கட்டும்."

காற்று ஃப்ளெக்ஸைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அப்போதுதான் சாலையோரம் ஒரு கார் சேற்றில் இறங்கி நின்றிருப்பதை அனார்குல் கண்டாள். காரிலிருந்து இறங்கிய ஆளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல கோட்டு, நல்ல பூட்ஸ். உதவி கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ வாய்க்காலைத் தாண்டி வந்து ஃப்ளெக்ஸின் மறுமுனையைப் பிடித்தார்.

"இழுங்கம்மா. காத்துக்கு எதிர்ப்பக்கமா இழுங்க."

கடைசிக் குவியல் மூடப்படும் வரைக்கும் அவர் போகவில்லை. கோட்டு நனைந்து, பூட்ஸில் சேறு அப்பி, கன்னத்தில் ஒரு பீன்ஸ் இலை ஒட்டிக்கொண்டு நின்றார். பாதிப் பயறுக்குமேல் பிழைத்தது. அவர் வராவிட்டால் அந்தப் பாதியும் போயிருக்கும். இதை அனார்குல் பின்னால் எத்தனையோ தடவை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கார் எங்கயும் போயிடாது. மழை விட்டதும் டிராக்டர் கட்டி இழுத்துருவோம்," என்றார் கெரிம்பாய். "வாங்க, உள்ள வந்து உடம்பைக் காய வைங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம் அண்ணே?"

"வாசலுக்கு வந்த விருந்தாளியை அப்படியே அனுப்பினா ஊர் என்னைக் காறித் துப்பும். வாங்க."

எங்கள் பக்கத்தில் விருந்தாளியை யார் என்று கேட்பதில்லை. கடவுள் அனுப்பின ஆள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு போட்ட பிறகு, டீ குடித்த பிறகு, அவராக மனம் இறங்கிச் சொன்னால் உண்டு. இல்லையென்றால் வீட்டுக்காரர் கடைசியாக, "எந்த ஊர்க்காரங்க, பேர் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்பார். சாப்பிட்ட வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது என்பதும் வழக்கம்தான். முன்னதாகக் கேட்டால், பேரைப் பார்த்துச் சோறு போடுகிற வீடு என்ற கெட்ட பேர் வந்துவிடும்.

அனார்குல் அடுப்பில் உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும் வறுத்தாள். அறுவடை நேரத்தில் ஆடு அறுக்க முடியவில்லையே என்று கெரிம்பாய் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். சிம்பாத் விருந்தாளியின் கையில் வெந்நீர் ஊற்றினாள். மெத்தைகளும் போர்வைகளும் அடுக்கியிருந்த பெரிய அறையில் விரிப்பை விரித்து ரொட்டி வைத்தார்கள். அவரை வாசலுக்கு எதிர்ப்பக்கம், மரியாதையான இடத்தில் உட்கார வைத்தார்கள். அந்த இடத்துக்கு நேர்மேலே சுவரில் எலாமானின் படம் இருந்தது.

விருந்தாளி நல்ல பசியோடு சாப்பிட்டார். பயறு என்ன விலைக்குப் போகிறது, தண்ணீர் முறை யார் கையில் இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். பெரிய ஊர்க்காரர் பேச்சாக இருந்தாலும் வயல் தெரிந்த பேச்சு. கெரிம்பாய்க்கு அவரைப் பிடித்துப்போயிற்று. டீக் கிண்ணத்தை நீட்டும்போது விருந்தாளி தலையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார்.

"மகனா?"

"மூத்தவன்," என்றாள் அனார்குல். "எலாமான். இவ அவன் சம்சாரம்."

"என்ன ஆச்சும்மா?"

"சதுக்கத்துல."

எங்கள் நாட்டில் அந்த ஒரு வார்த்தை போதும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வசந்தத்தில் தலைநகரின் சதுக்கத்தில் கூட்டம் கூடியது, கூரைகளிலிருந்து சுட்டார்கள், அரசாங்கம் விழுந்தது. எங்கள் பிள்ளைகளை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது எசென்பேக். சுட்ட அரசாங்கத்தில் மந்திரி தால்காயேவ். சுடச் சொன்னது யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. கீழே இருந்தவன் மேலே கையைக் காட்டினான், மேலே இருந்தவன் கீழே கையைக் காட்டினான். நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக அந்தக் கை காட்டல்தான் நடந்தது. சிம்பாத் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு விசாரணைக்கும் போய் உட்கார்ந்து, கடைசியில் கோப்பை மூடிவிட்டார்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள்.

விருந்தாளி கிண்ணத்தைக் கீழே வைத்தார். மரித்தவனுக்காக ஓதுவது முறை. தனக்கு ஓதத் தெரியாது என்று அவர் மெல்லச் சொல்ல, கெரிம்பாயே ஓதினார். எல்லோரும் கையை ஏந்தினார்கள். முடிவில் அனார்குல் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னாள். அந்த விரிப்பில் யார் உட்கார்ந்தாலும் அவள் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

"என் பிள்ளையைச் சுடச் சொன்னவன் பேரு வெளிச்சத்துக்கு வரட்டும். வர்ற வரைக்கும் அவன் வாயில போற ரொட்டி அவனுக்கு ருசிக்காமப் போகட்டும்."

"ஆமீன்," என்றார் கெரிம்பாய். "ஆமீன்," என்றாள் சிம்பாத்.

விருந்தாளியின் ஏந்திய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, "ஆமீன்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ரொட்டியைத் தொடவில்லை. களைப்பு என்று அனார்குல் நினைத்துக்கொண்டாள். மழை விட்டதும் பக்கத்து வயல் டிராக்டரை வரவழைத்துக் காரை இழுத்தார்கள். போகும்போது சாப்பிடட்டும் என்று அவள் இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அவசரமாகக் காரில் ஏறினார். பேர் கேட்க விட்டுப்போயிற்று.

"யாரா இருக்கும்?" என்றார் கெரிம்பாய், கார் போன பிறகு.

"யாரா இருந்தா என்ன, நல்ல மனுஷன்," என்றாள் அனார்குல்.

*

எசென்பேக் ஊருக்கு வந்தது அடுத்த வாரம். கோடையிலேயே ஒரு தடவை வந்திருந்தார். அப்போது அனார்குல்லின் முற்றத்தில் உட்கார்ந்து, அவள் சுட்ட ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்து, "அம்மா, நான் அதிபரானா முத வேலையா சுடச் சொன்னவன் பேரை நாடறியச் சொல்லுவேன். இல்லேன்னா இந்த ரொட்டி என்னைத் தண்டிக்கட்டும்," என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் ரொட்டி மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் ஒருத்தன்கூட இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பகலில், பத்துப் பேர் பார்க்கச் செய்தவன் கிடையாது. அன்றிலிருந்து அனார்குல் எசென்பேக் பேரைச் சொல்லும்போது குரலே வேறு மாதிரி வரும். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். தால்காயேவுக்குப் போடுவேன் என்று சொன்ன சொந்தத் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஊர் மன்றத்தில் பழைய நாற்காலிகள் போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். தியாகியின் தாய் என்று அனார்குல்லுக்கு முன்வரிசை. பக்கத்தில் சிம்பாத். ஊர்த் தலைவர் ஒரோஸ்பாய் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார்.

எசென்பேக்குக்கு வலது பக்கத்தில் அந்த விருந்தாளி உட்கார்ந்திருந்தார். அனார்குல்லின் முகம் மலர்ந்துவிட்டது. மருமகளின் தோளை இடித்தாள். "பாருடி, நம்ம விருந்தாளி! நல்ல ஆள் நல்ல இடத்துலதான் இருக்காரு."

"நம்ம மாகாணத்துல எசென்பேக் அவர்களோட தேர்தல் பொறுப்பாளர்," என்றார் ஒரோஸ்பாய், "மரியாதைக்குரிய கர்னல் ஷாமென் அவர்கள்."

ஜனங்கள் கை தட்டினார்கள். சிம்பாத்தின் விரல்கள் மாமியாரின் முழங்கையில் இறங்கின. அந்தப் பேரை அந்த வீட்டில் தெரியாதவர்கள் இல்லை. கூரையில் இருந்த படைக்குப் பொறுப்பு கர்னல் ஷாமென் என்று ஒவ்வொரு விசாரணையிலும் வாசித்தார்கள். சுடச் சொன்னது அவரா, அவருக்கும் மேலே இருந்தவரா என்று அவர் வந்து சொன்னால்தான் தெரியும்; எந்த விசாரணைக்கும் அவர் வரவில்லை. ஒரு தடவை இருதயக் கோளாறு, ஒரு தடவை வெளிநாட்டில் சிகிச்சை. முகத்தை யாரும் பார்த்ததில்லை. பேர் மட்டும் இருந்தது, பேருக்கு எதிரே காலி நாற்காலி இருந்தது.

எசென்பேக் எழுந்து பேசினார். வாய்க்கால் வெட்டுவேன் என்றார், பயறுக்கு நிலையான விலை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பழசைக் கிளறிக்கிட்டே இருந்தா நாடு ரெண்டாப் போயிடும், ஜனங்களே. மன்னிக்கத் தெரிஞ்ச ஜனம்தான் முன்னுக்கு வரும்," என்றார்.

அனார்குல் எழுந்து நின்றாள். ஒரோஸ்பாய் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"எசென்பேக் தம்பி, கோடையில என் முற்றத்துல ரொட்டியைக் கையில பிடிச்சு ஒண்ணு சொன்னீங்களே."

"சொன்னேம்மா. மறக்கல."

"உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறது யாரு?"

மன்றத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கர்னல் மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எசென்பேக் சிரித்தார், வருத்தமான சிரிப்பு, நன்றாகப் பழகிய சிரிப்பு.

"அம்மா, முதல்ல ஜெயிக்கணும். ஜெயிக்கறதுக்கு எல்லாரும் வேணும். ஜெயிச்சப்புறம் உக்காந்து பேசுவோம். எங்க அம்மாவுக்கு ஒரு கை தட்டுங்கப்பா!"

கை தட்டினார்கள். கைதட்டல் நடுவே நிற்க வெட்கமாக இருந்ததால் அனார்குல் உட்கார்ந்துவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு டீக் கிண்ணத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். கழுவினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மறுபடி கழுவினாள். பிறகு அதைக் கொண்டுபோய்க் கோழிக் கொட்டகையில் வைத்தாள்.

"கிண்ணம் என்ன பண்ணுச்சு?" என்றார் கெரிம்பாய்.

"அவன் குடிச்ச கிண்ணம்."

"யாருன்னு தெரிஞ்சா சோறு போட்டோம்? தெரியாமத்தானே."

"தெரியாமதான். நீங்க கேட்டீங்களா? நான் கேட்டேனா? இத்தனை வருஷமா ஒரே ஒரு பேர் வேணும், ஒரே ஒரு பேர் வேணும்னு ஊரெல்லாம் அழுதேன். அந்தப் பேரு என் வீட்டுக்குள்ள வந்து, என் பிள்ளை படத்துக்குக் கீழ உக்காந்து கறி தின்னுச்சு. உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டேன். பேர் கேக்கல."

"நம்ம உப்பைத் தின்னவன். இனி நாம அவனுக்குக் கெடுதல் நெனக்கக் கூடாது, அனார்."

"உப்பு அவனுக்கும் உப்புதான? அவன் நெனச்சுப் பாக்கணுமில்ல?"

"ஆமீன் சொன்னாரு," என்றாள் சிம்பாத். அவள் இருட்டின மூலையில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. "நீங்க சாபம் விட்டீங்க, அவரு ஆமீன் சொன்னாரு. தன் மேலயே."

அனார்குல் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தாம்பாளத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். புள்ளி விழுந்தது ஒரு பக்கம், விழாதது ஒரு பக்கம், கல்லும் மண்ணும் கீழே. பீன்ஸில் புள்ளி இல்லாத பயறு என்று ஒன்று கட்டாயம் கையில் தட்டுப்படும். இந்தத் தேர்தலில் அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை. எசென்பேக்கைப் பிடிக்கவில்லை என்று தால்காயேவுக்குப் போட முடியாது, அவன்தான் சுட்டவர்களோடு மந்திரியாக இருந்தான். அவனைப் பிடிக்காமல்தான் இத்தனை நாள் இவனைத் தூக்கிச் சுமந்தாள். இவனோ சுட்டவனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். மற்ற ஐந்தாறு ஆட்களும் பேர் தெரியாதவர்கள், இந்த இரண்டு பேரில் யாரோ ஒருவர் சொல்லித்தான் நின்றிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஏமாந்த வெட்கம்தான் வந்தது.

ஒரோஸ்பாய் மறுநாள் வந்தார். டீயை உறிஞ்சிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வழக்கம்போல முத ஓட்டு நீங்கதான் போடணும், அக்கா. டிவிக்காரங்க வர்றாங்க."

"வேற யாரையாவது கூப்பிட்டுக்கோ."

"வேற யாரு இருக்கா? ஊருக்கு ஒரே ஒரு தியாகி, அவனுக்கு ஒரே ஒரு அம்மா."

"அவனுக்கு வந்த கேட்டைப் பாரு. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவனைக் குழியில இருந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போறீங்க."

"கோபம் நியாயம்தான். நான் இல்லேன்னு சொல்லலையே? ஆனா எசென்பேக் தோத்தா வர்றது தால்காயேவ். அது வேணுமா உங்களுக்கு?"

"சீட்டுல கடைசியா ஒரு கட்டம் இருக்கில்ல, 'எல்லோருக்கும் எதிராக'ன்னு. அதுல போடறேன்."

"அதுல போடறதும் தால்காயேவுக்குப் போடறதும் ஒண்ணுதான்க்கா. கணக்குத் தெரிஞ்ச யாரை வேணாலும் கேளுங்க."

"அப்புறம் எதுக்கு அந்தக் கட்டத்தை வச்சிருக்கான்?"

"கோபக்காரங்களுக்கு ஒரு இடம் வேணுமில்ல," என்று சொல்லி அவர் சிரித்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "சிம்பாத்துக்குப் பள்ளிக்கூடத்துல அடுத்த வருஷமும் வகுப்பு வேணுமில்லக்கா? வாத்தியாருங்க வீட்டு ஓட்டு எங்க விழுதுன்னு மேல பாக்கறாங்க. நானாச் சொல்லல. எனக்கும் மேல ஆள் இருக்கு."

கெரிம்பாய் அவரோடு வாசல் வரை போனார். வந்து உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, "போட்டுத் தொலை. ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது," என்றார்.

"ஒரு ஓட்டுல ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு இப்படி வந்து மிரட்டிட்டுப் போறான்?"

சிம்பாத் பயறு பொறுக்குவதை நிறுத்தினாள்.

"அத்தே, போட்டுருங்க."

"நீயா சொல்ற?"

"பாப்பாவுக்குப் பூட்ஸ் வாங்கணும், குளிர் வந்துருச்சு. என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்துட்டாங்கன்னா நான் ரஷ்யாவுக்குத்தான் போகணும், யார் வீட்டுத் தரையையாவது துடைக்க. பாப்பாவை உங்ககிட்ட விட்டுட்டு. அவரு கேட்டாக்கூட இதைத்தான் சொல்லுவாரு."

எலாமான் என்ன சொல்லியிருப்பான் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் ஒரே எண்ணம் இருந்ததில்லை. ஆனால் சிம்பாத் தன் வாயால் தனக்கென்று ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அனார்குல் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

*

தேர்தல் நாள் வெயிலோடு விடிந்தது. பயறு அடிக்க அருமையான நாள். பள்ளிக்கூட வாசலில் ஒலிபெருக்கி அலறியது; உள்ளே உடற்பயிற்சிக் கூடத்தில் துணித் தடுப்புகள் வைத்து, நடுவில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். மேஜையில் ஆசிரியைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விரலில் மை வைக்கிற வேலை சிம்பாத்துக்கு.

அனார்குல் வெள்ளைத் தலைத்துணி கட்டியிருந்தாள். கேமராக்காரன் பின்னால் நடந்து வந்தான். மருமகள் மாமியாரின் கட்டைவிரலைப் பிடித்து மை வைத்தாள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை.

தடுப்புக்குள் பேனா ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. சீட்டில் எசென்பேக் பேர் மேலே. தால்காயேவ் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் கீழே 'எல்லோருக்கும் எதிராக'. அவள் அந்தக் கடைசி வரியை விரலால் தடவினாள். எதிராக இருப்பதென்றால் மனசுக்குள்ளேயே இருக்கலாம், இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தாள். ஒருத்தனுக்காவது ஆதரவாக இருக்க வேண்டும் என்றுதான் ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்தாள். அந்த ஆசையைத்தான் பறித்துவிட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிம்பாத்தின் இருமல் கேட்டது. அனார்குல் எசென்பேக் பேருக்கு எதிரே குறியிட்டாள். கோடு கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போயிற்று. மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். கேமராக்காரன் இன்னொரு தடவை போடுவதுபோல் நிற்கச் சொன்னான், நின்றாள்.

திரும்பியபோது கர்னல் எதிரே வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரோஸ்பாய். கர்னல் தொப்பியைக் கழற்றி, இரண்டு கையையும் நீட்டி அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? பயறு காஞ்சுதா?"

"காஞ்சிருச்சு," என்றாள் அனார்குல். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத் தன் நாக்கையே அறுத்துப் போடலாம்போல இருந்தது அவளுக்கு. கையை உருவிக்கொண்டாள்.

"ஏய்யா, அன்னைக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. சாப்பிடறதுக்கு முன்னாடி விருந்தாளிகிட்ட பேர் கேக்கக்கூடாது, அது எங்க வீட்டு வழக்கம். சாப்பிட்டப்புறம் கேக்கலாம். நீங்க அவசரமாப் போயிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "இப்பக் கேக்கறேன். உங்க பேர் என்னய்யா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரோஸ்பாய், "அக்கா, உங்களுக்குத் தெரியாதா, நம்ம கர்னல்..." என்று ஆரம்பித்தார்.

"உன்னைக் கேக்கல. என் விரிப்புல சாப்பிட்டவரைக் கேக்கறேன். அவரே சொல்லட்டும்."

கர்னல் கேமராவைப் பார்த்தார். கேமராக்காரன் ஒரோஸ்பாயைப் பார்த்தான், கருவியைத் தோளிலிருந்து இறக்கினான். சாப்பிட்ட வீட்டில் பேர் கேட்டால் சொல்லியாக வேண்டும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"பேர்ல என்னம்மா இருக்கு? என்னை உங்க பிள்ளை மாதிரி நெனச்சுக்குங்க."

அனார்குல் ஓர் அடி பின்வாங்கினாள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு நாற்காலி பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது. சிம்பாத் எழுந்து நின்றாள். மைப் புட்டி இன்னும் கையில் இருந்தது. தினமும் காலையில் வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடுகிற அதே குரலில், தெளிவாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்:

"கர்னல் ஷாமென்."

உடற்பயிற்சிக் கூடத்தில் குரல் எதிரொலித்தது. அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள்.

"கர்னல் ஷாமென்."

தலைமையாசிரியை அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். வரிசையில் நின்ற ஒரு கிழவர் தரையைப் பார்த்தார். கர்னல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஓடவில்லை, மெதுவாகத்தான் போனார். காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு மறுபடி ஆரம்பித்தது, வரிசை நகர்ந்தது.

சிம்பாத்தை அப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மாமியாரும் மருமகளும் வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். எல்லா வயலிலும் பயறு அடித்துக்கொண்டிருந்தார்கள், தூசி கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஏண்டி இப்படிப் பண்ணின?" என்றாள் அனார்குல். "உனக்காகத்தான் நான் எசென்பேக்குக்குப் போட்டேன்."

சிம்பாத் நின்றுவிட்டாள். "நெசமாவா?"

"உன் வேலை போயிடக்கூடாதுன்னு. என் கையாலயே போட்டேன்."

"நான் கீழ இருக்கற கட்டத்துல போட்டேன், அத்தே," என்றாள் சிம்பாத். "விடியக்காலையில, யாரும் வர்றதுக்கு முன்னாடி. நீங்களும் எப்படியும் அதுலதான் போடுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை. வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அனார்குல் பக்கத்தில் உட்கார்ந்து, மை காயாத தன் கட்டைவிரலை முழங்காலில் வைத்துத் தேய்த்தாள். அது போகவில்லை.

எசென்பேக் ஜெயித்தார். முதல் பேச்சில் மன்னிப்பைப் பற்றி அழகாகப் பேசினார் என்று சொன்னார்கள். டிவியில் அனார்குல் ஓட்டுப் போடுவதை எல்லாச் செய்தியிலும் காட்டினார்கள், தியாகியின் தாய் புதிய அதிபருக்கு வாக்களித்தார் என்று. அது பொய்யில்லை என்பதுதான் அவளைத் தின்றது. சிம்பாத்துக்கு வகுப்பு போயிற்று. முதல் பனி விழுந்ததும் அவள் ரஷ்யாவுக்குப் பஸ் ஏறினாள். பாப்பா கொஞ்ச தூரம் பஸ் கூடவே ஓடி, பூட்ஸ் இல்லாத கால் வலித்து நின்றுவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காற்றும் பனியும் சேர்ந்து அடித்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. லாரிக்காரன். சாலை மூடிக்கிடக்கிறது, கை மரத்துவிட்டது, வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கெரிம்பாய் பழக்கத்தில் விரிப்பை எடுக்க எழுந்தார். அனார்குல் அவரைக் கையால் தடுத்துவிட்டு, தாழ்ப்பாளில் கையை வைத்தபடி, கதவைத் திறக்காமல் கேட்டாள்.

"யாருய்யா அது? முதல்ல பேரைச் சொல்லு."